பூனை இல்லாத வீட்டின் சாவி

லூயிவில், கென்டக்கி
நவம்பர் 16, ஞாயிறு மாலை

அன்பு மகள் லினெட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தர் தயவில் இங்கே மூவரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். அங்கே கொரியாவில், பூசானில் உனக்கும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், உன் வகுப்புப் பிள்ளைகளும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நம்புகிறேன். உறையைக் கிழித்ததும் பார்த்திருப்பாய், அட்டையில் ஒரு சாவி ஒட்டியிருக்கிறேன். இத்தனை டேப் எதற்கு என்று சிரிக்காதே, சாவியைச் சும்மா உறைக்குள் போட்டால் தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற எந்திரம் உறையைக் கிழித்துச் சாவியைத் துப்பிவிடும், இருபத்தேழு வருடத் தபால் வேலையில் அப்படி அநாதையான சாவிகளை ஒரு டப்பா நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பத்திரமாக எடுத்து வை, எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது எனக்குப் பின்னால் சுவர் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டாய். பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்றேன். அது பொய். தங்கச்சி ஜோனெல் ஏன் வந்து பேசவில்லை என்றும் கேட்டாய், பரீட்சை என்று அம்மா சொன்னாள். அதுவும் பொய்தான், ஆனால் அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாடி அறைக் கூரை ஒழுகுவது உனக்குத் தெரியும். வீட்டின் மேல் புதிதாகக் கடன் வாங்கிக் கூரையை மாற்றிவிட்டு, மீதியை ஜோனெலின் கல்லூரிக்கு வைக்கலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். அதற்கு வங்கி ஓர் ஆளை அனுப்பி வீட்டுக்கு மதிப்புப் போடும். மே மாதம் ஒருவர் வந்தார். அம்மா எலுமிச்சைக் கேக் சுட்டு வைத்தாள், நான் சபைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டேன், ஜோனெல் மாடியில் ட்ரோம்போன் ஊதிக்கொண்டிருந்தாள். மனிதர் கேக்கைத் தொடவில்லை, இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். இரண்டு வீடு தள்ளி அதே மேஸ்திரி அதே வருடம் கட்டிய வீடு இருக்கிறதே, நம் வீட்டைவிடக் குளியலறை ஒன்று குறைவு, அது போன வருடம் விற்ற விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நம் வீட்டுக்குப் போட்டிருந்தார். அம்மா அந்தத் தாளை மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்தில் நான் இதைச் சொன்னபோது மற்ற மூவரும் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நம் சபை டீக்கன் பர்னெல் மட்டும், "எல்லா மூஞ்சியையும் செவுத்துல மாட்டி வச்சுக்கிட்டா அவனக் கூப்பிட்ட?" என்று கேட்டுவிட்டுத் துருப்பை இறக்கினார். மூவருமே அந்த வேலையைச் செய்து முடித்தவர்கள். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்றேன், இதை யாராவது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களா என்று கேட்டார்கள். அதுவும் சரிதான்.

வேலை என்னவென்றால், மதிப்புப் போடுகிறவர் வரும்போது வீட்டில் கறுப்பர்கள் இருக்கிற அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் விலையைக் குறைத்துவிடுவார்கள். வேறு வங்கியில் மனுப் போட்டு, அக்டோபர் 9 என்று தேதி வாங்கினோம். அன்று நான் விடுப்பு எடுத்தேன். படங்களை எல்லாம் கழற்றினேன். சபைக் காலண்டர், கண்ணாடி விளிம்பில் அம்மா செருகி வைத்திருக்கும், இறந்தவர்கள் படம் போட்ட இறுதிச்சடங்குத் தாள்கள், குளியலறையில் இருந்த தலைமுடி எண்ணெய் டப்பாக்கள், படுக்கும்போது தலைக்குக் கட்டுகிற சாட்டின் தொப்பிகள், கறுப்பர்களுக்கென்று தொடங்கிய உன் கல்லூரியின் கொடி, அலமாரியில் நம் ஆட்கள் முகத்தை அட்டையில் போட்ட புத்தகங்கள், எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கினேன். பதினொரு பெட்டி ஆயிற்று. நாம் இத்தனை இடத்தில் இருக்கிறோம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தபால் நிலையத்தில் கவுன்டரில் நிற்கும் மார்ஜியை உனக்கு நினைவிருக்கும், நீ பட்டம் வாங்கியபோது ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தாளே, அந்த வெள்ளைக்காரி. வீட்டுக்காரியாக வந்து உட்கார முடியுமா என்று கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டாள், ஒரு பை நிறையத் தன் வீட்டுப் படங்களையும் கொண்டுவந்தாள். அவள் புருஷன் மீனோடு நிற்கிறான், பையன்கள் பனியில் விளையாடுகிறார்கள், ஒரு கல்யாணம். நம் ஆணிகளிலேயே மாட்டினோம். உன் பட்டமளிப்புப் படம் இருந்த ஆணியில் அவர்கள் வீட்டு நாய். கதவைத் திறந்ததும் கண்ணில் படுமே, ஜோனெல் பேண்டு வாத்திய உடுப்பில் நிற்கிற படம், அந்த ஆணியில் மார்ஜியின் கடைக்குட்டி. பக்கத்தில் இருந்தால் வாயை அடக்க மாட்டேன் என்று சொல்லி அம்மா மருத்துவமனைச் சலவை வேலைக்கே போய்விட்டாள்.

ஜோனெலிடம் மட்டும் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு, அவளுக்கு ஐந்து மணிவரை பேண்டுப் பயிற்சி, அதற்குள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. அன்று மதியம் மின்னல் என்று மைதானப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். சீக்கிரம் வருகிறேன் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள், சலவைக் கூடத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தானே வேலை செய்வார்கள். நான் தெருக்கோடியில் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தேன், பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே பதினொரு பெட்டி. மதிப்புப் போடுகிறவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், ட்ரோம்போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜோனெல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதைப் பார்த்தேன். கதவுப் பிடியில் கை வைத்தேன். லினெட், நான் இறங்கவில்லை. ஒரு கறுப்பன் தெருவில் ஓடி வந்து அந்த வீட்டு வாசலில் நின்றால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அந்தக் கணத்தில் கணக்குப் போட்டேன். அவள் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் பிடியில் வைத்த கையை எடுக்கவுமில்லை, திறக்கவுமில்லை.

உள்ளே நடந்ததை மார்ஜிதான் பிறகு பிக்கப்பில் வந்து உட்கார்ந்து சொன்னாள். கூடத்தில் அந்த மனிதர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஜோனெல் அவரைப் பார்த்தாள், மார்ஜியைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். ஜோனெல்தான், "மன்னிக்கணும் மேடம், ஆள் வந்திருக்காங்கன்னு தெரியாது, பூனைக்குச் சாப்பாடு வைக்க வந்தேன்" என்றாளாம். வெகு சாதாரணமாக. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, இங்கதான் வேலை செய்யிறியா என்று கேட்டார். ஆமா சார், வாரத்துல ரெண்டு நாள் என்றாள். நல்ல ஆளுங்களா என்று கேட்டார். ரொம்ப நல்லவங்க சார் என்றாள். பிறகு சமையலறைக்குப் போய், தன் காலைச் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துவிட்டு, பின்கதவு வழியாகப் போய்விட்டாள். நம் வீட்டில் பூனை ஏது. அம்மாவுக்குப் பூனை மயிர் பட்டாலே மூச்சு முட்டும். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, நாங்கள் ஒளித்து ஒளித்துத்தான் வைத்தோம், அவளுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்சந்து வழியாக வந்தவள் என் வண்டியைத் தாண்டித்தான் போனாள். தார்ப்பாயின் ஓரம் காற்றில் தூக்கியிருந்தது, அவள் படத்தின் சட்டம் வெளியே தெரிந்தது. என்னையும் பார்த்தாள். நிற்காமல் நூலகம் இருக்கிற பக்கம் நடந்துவிட்டாள். நான் அப்போதும் கூப்பிடவில்லை, அந்த மனிதர் இன்னும் வீட்டுக்குள் இருந்தார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. அம்மா போய்த் திறந்தாள், ஜோனெல் நின்றாள். சாவியைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் மணி அடித்தது. அதற்கு மறுநாளும். இன்றுவரை ஒரு நாள்கூட அவள் சாவி போட்டுத் திறக்கவில்லை, மணியை அடித்துவிட்டு இரண்டு படி இறங்கி நின்றுகொள்கிறாள், அந்நியர் வீட்டு வாசலில் நான் பார்சலோடு நிற்பேனே, அப்படி. வேறு எந்தக் குறையும் இல்லை. சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், குரல்கூட உயரவில்லை. நாலாம் நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, ஏன்டி, சாவி எங்கடி என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றாள். அப்புறம் எதுக்குடி பெல்லு என்று கேட்டதற்கு, "தெரியலம்மா, கை அதுக்குத்தான் போவுது" என்றாள். வேண்டுமென்று செய்கிற பிள்ளை முகம் இல்லை அது. வேண்டுமென்று செய்தால் திட்டலாம். அந்தக் கிண்ணம் மூன்று நாள் சமையலறைத் தரையிலேயே கிடந்தது, நான் சுற்றிக்கொண்டு போனேன், அம்மாவும் சுற்றிக்கொண்டு போனாள், யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அம்மா கழுவி உள்ளே வைத்தாள். ஜோனெல் இப்போது வேறு கிண்ணத்தில் சாப்பிடுகிறாள்.

மதிப்பு வந்தது. இரண்டு வீடு தள்ளி விற்ற விலையைவிடவும் மேலே. மார்ஜி கவுன்டருக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், நானும் குலுக்கினேன். கடன் கிடைத்தது, ஆள் வந்து கூரை போட்டுவிட்டுப் போனான், இந்த வாரம் மூன்று நாள் மழை, ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை, பல் பிடுங்கும்போது ஊசி போட்ட இடம் மாதிரிதான் இருக்கிறது. பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன். முதலில் ஜோனெலின் படத்தைத்தான் எடுத்தேன். "உங்களதெல்லாம் மாட்டுங்க, என்னோடது வேணாம்ப்பா. இல்லாமலே நல்லா இருக்கு" என்றாள். அவள் இல்லாமல் மற்ற எல்லோரையும் மாட்டச் சொல்கிறாள். மாட்டினால் அந்த ஓர் ஆணி மட்டும் காலியாக நிற்கும். அதைவிட எல்லாம் காலியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ வீடியோவில் பார்த்த சுவர் அதுதான்.

இதற்கு மேல் நான் ஒரு மடத்தனம் செய்தேன். வாசல் மணியைக் கழற்றிவிட்டேன். ரிப்பேர் என்று சொன்னேன். மணி இல்லாவிட்டால் சாவியை எடுத்துத்தானே ஆகவேண்டும் என்று எனக்குள் ஒரு புத்திசாலித்தனம். போன புதன்கிழமை அம்மா சபை அடுப்படியில் இருந்தாள், பாடகர் குழுவில் இருந்த சகோதரி லுவெல்லாவின் அடக்கம் அன்று, வந்தவர்களுக்குக் கீரையும் கோழியும் சோளரொட்டியும் செய்துகொண்டிருந்தாள். நான் என் தெருக்களில் தபால் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தே முக்காலுக்கு எதிர்வீட்டு கிரெய்க் போனில் செய்தி அனுப்பினார், ஜூனில் குடிவந்தாரே, அவர்தான். உங்கள் வாசலில் ஒரு பெண் அரைமணி நேரமாக நிற்கிறாள், கதவைத் தட்டவும் இல்லை, போகவும் இல்லை, கையில் நீளமான கறுப்புப் பெட்டி இருக்கிறது, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார், கடைசியில் ஒரு கும்பிடு படம்கூடப் போட்டிருந்தார். அந்தப் பெண் ஐந்து மாதமாகத் தினமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் போய்வருகிறாள். கூப்பிடாதீர்கள், அது என் மகள், அது அவள் வீடு என்று எழுதி அனுப்பினேன். இரண்டு முறை அழித்து எழுதவேண்டியிருந்தது. அவர் அதைப் படித்தாரா என்று தெரியவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை லினெட், மீதித் தபாலோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு கடிதத்தைப் போடாமல் பாதியில் திரும்பியவன் இல்லை நான். மறுநாள் மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

போலீஸ் வரவில்லை. கிரெய்க் தன் புல்வெளியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உங்களுக்கு ஒரு பெண் இருப்பதே தெரியாது, மன்னிக்கணும் என்று ஏதோ சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் சீருடையோடு ஓடுவது பார்க்கச் சகிக்காது, ஓடினேன். ஜோனெல் இரண்டாம் படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வண்டிக் கதவு தெறந்து கெடக்குப்பா, தபால் பறக்கப் போவுது" என்றாள். அவள் கையைத் தொட்டால் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்னைக்கு நான் வண்டியிலதான் இருந்தேன், இறங்கல என்று சொன்னேன். அதை அதுவரை வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. "பாத்தேன்ப்பா. நீங்க எறங்கியிருந்தா காரியம் கெட்டிருக்கும்" என்றாள். என்னை மன்னிக்கிற குரலில் சொல்லவில்லை, கணக்குக்கு விடை சொல்கிற குரல். பிறகு அவளாகவே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கஷ்டமா இருந்துச்சுன்னுதானே நெனைக்கிறீங்க. இல்லப்பா. சுலபமா இருந்துச்சு. நான் யோசிக்கவே இல்ல, வாயில தானா வந்துச்சு. அந்த ஆளு உடனே நம்பிட்டான். இது என் வீடுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பானா?" பிறகு நான் எழுந்து என் சாவியால் கதவைத் திறந்தேன், அவள் என் பின்னால் வந்தாள், நான் திரும்பிப் போய்த் தெருவில் பறந்த இரண்டு மின் கட்டண ரசீதுகளைப் பொறுக்கினேன். அன்று ராத்திரியே மணியைத் திரும்ப மாட்டிவிட்டேன். வெளியே குளிரில் நிற்பதைவிட மணி அடிப்பது மேல்.

இப்போது சாவிக்கு வருகிறேன். உன் சாவியை அங்கே டாக்ஸியில் தொலைத்துவிட்டாய் என்று சொன்னாயே, அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறேன், அதோடு ஒரு சாவி வெட்டி அனுப்ப வேண்டும் என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னேன். ஜோனெல் மாடிக்குப் போய்த் தன் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதுக்குப்பா புதுசு, இதையே அனுப்புங்க, எனக்குத்தான் பெல்லு இருக்கே என்றாள். அம்மா எழுந்து அடுப்பை அணைக்கப் போனாள், அடுப்பு அணைந்துதான் இருந்தது. நான் சரி என்று வாங்கிக்கொண்டேன். ஆறு வயதில் அவள் அதில் பூசிய ஊதா நகப்பூச்சு இன்னும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார். உன் கையில் இருப்பது அவள் சாவி.

அவளுக்குப் போன் போட்டுப் புத்தி சொல்லாதே. நான் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே. அம்மாவிடம் கோபப்படாதே, என்னிடம் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. டிசம்பர் 23 விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். வீட்டு வாசலில் நீ முன்னால் இறங்கிப் போ, உன் மூட்டைகளை நான் எடுத்து வருகிறேன், இந்த முறை நானும் இறங்குவேன். ஜோனெலுக்கு விடுமுறை, உள்ளேதான் இருப்பாள். மணியை அடிக்காதே. தட்டாதே. யாராவது திறந்து வைத்திருந்தாலும் ஒரு முறை சாத்திவிட்டு, இந்தச் சாவியைப் போட்டுத் திற. அந்தப் பூட்டு சிக்கும், கொஞ்சம் இழுத்துத் திருப்பவேண்டும், சத்தம் வரும், வரட்டும். நம் வீட்டுப் பெண் ஒருத்தி நம் வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு வருகிற சத்தம் உள்ளே இருக்கிற அவளுக்குக் கேட்கட்டும். சாவியை அவள் கையில் கொடுக்காதே, வாங்க மாட்டாள். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அவள் படம் இருந்த ஆணி அப்படியே இருக்கிறது. சாவியை அதில் மாட்டிவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடு. அம்மா சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பை சுட்டு வைத்திருப்பாள். மீதியை அவள் பார்த்துக்கொள்ளட்டும், எத்தனை நாள் ஆனாலும் அந்த ஆணியில் வேறு எதையும் மாட்ட மாட்டேன்.

கையுறை இல்லாமல் வெளியே போகாதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் முன்னும் பின்னும் நிற்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். எழுதி முடிக்கப் போகும்போது வாசல் மணி அடிக்கிறது, இளைஞர் கூட்டம் முடிந்து அவள் வந்துவிட்டாள், நான் போய்த் திறக்கிறேன். சாவியைத் தொலைத்துவிடாதே.

உன் அப்பா,
வெண்டெல் பெட்டிஃபோர்ட்